ருசித்தவனும் கக்கியவனும்

பாறைக்குளத்து மடத்துச் செங்கமலம்மைக்குக் கோபம் வராத நாள் ஒன்று உண்டென்றால், அது அவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாளாகத்தான் இருக்கும். ஞானம் வந்தவர்கள் சாந்தமாக இருப்பார்கள் என்று யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வந்தவர்கள் அம்மையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, முகம் சுருங்கித் திரும்புவார்கள்.

"சாந்தம் வேணும்னா குளத்துக்குள்ள எருமை கிடக்கு. போய்ப் பாருங்க" என்பார் அம்மை.

அப்படித் திரும்பாமல் ஒட்டிக்கொண்டவர் ஆவுடையப்பன். ஐம்பதைத் தாண்டியவர், அம்மையைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கீழூரில் நெல் மண்டி நடத்தியவர். பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஊர்க்கூட்டத்தில் முதல் வெற்றிலை அவர் கைக்குத்தான் போகும். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மடத்துக்கு வந்த அன்று அவர் சரியாகத் தூங்கி வெகுநாள் ஆனதுபோல இருந்தார்.

"அம்மா, எனக்கு ஒரு கேள்வி."

"எல்லாருக்கும்தான் இருக்கு. உட்காருங்க."

"எங்க வகையறா சுரைக்காய் சாப்பிடாது" என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

அவர்களுடைய முன்னோர் ஒருவர் ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டாராம். மிதந்து வந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கரையேறினாராம். உயிர் காத்த காயை இனி என் வம்சம் தின்னாது என்று ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்தாராம். அவர் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டார், வம்சம் ஒரு நல்ல கூட்டை இழந்தது. அன்று முதல் அந்த வீடுகளில் சுரைக்கொடி ஏறியதில்லை. பேரைக்கூடச் சொல்லாமல் 'அந்தக் காய்' என்பார்கள். ஆவுடையப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் காயைச் சந்தையில் கண்டால் குமட்டும்.

"போன மாசம் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துல ஒரு கூட்டு வச்சாங்க. பூசணின்னு நினைச்சு வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மாதிரி ருசி நான் கண்டதில்லை அம்மா. கை கழுவும்போது ஒருத்தர் சொல்லுதாரு, அண்ணாச்சிக்குச் சுரைக்காய்க் கூட்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு போலுக்கேன்னு. வாசல் வரைகூடப் போக முடியலை. அங்கயே கக்கிட்டேன்."

"ம்."

"நாக்கு நல்லாருக்குன்னுது. பேரைக் கேட்டதும் வயிறு தள்ளிருச்சு. காயும் ஒண்ணு, ஆளும் ஒண்ணு. அப்ப ருசிச்சது யாரு அம்மா? கக்கினது யாரு?"

அம்மை திருப்பிக் கேட்டார்.

"கக்கினதைக் கழுவினது யாரு?"

ஆவுடையப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. "பந்தி பரிமாறினவங்க யாராவது கழுவியிருப்பாங்க."

"அவங்களுக்கும் ஒரு கேள்வி இருந்திருக்கும். அதை யாருகிட்டப் போய்க் கேட்டாங்களோ."

சொன்னாரே தவிர, அம்மைக்கு உள்ளுக்குள் தெரிந்தது, கேள்வி நல்ல கேள்விதான் என்று. அதுதான் அவருக்கு எரிச்சல். மோசமான கேள்வியோடு வருகிறவரைத் துரத்திவிடலாம். நல்ல கேள்வியோடு வருகிறவருக்குச் சோறு போட்டு, பாய் கொடுத்து, அவர் அதை வைத்துக்கொண்டு பண்ணுகிற கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கூத்து மறுநாள் காலையிலேயே ஆரம்பமாகிவிட்டது. ஆவுடையப்பன் விடையோடு வந்தார்.

"ருசிச்சவன்தான் அம்மா நான். கக்கினவன் நானில்லை, எங்க வகையறா. இத்தனை வருஷமா அவங்க எனக்குள்ள குடியிருந்திருக்காங்க. அவங்க வச்சதையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழிச்சிட்டா, மிச்சம் இருக்கிறவன் நான்."

"மிச்சம் ஒண்ணுமில்லேன்னா?"

"இருப்பான் அம்மா."

"சரி, கழிங்க. விறகு பிளக்கிறதை மட்டும் கழிச்சிராதீங்க. இன்னைக்கு உங்க முறை."

மடத்தில் சமையல் சொரிமுத்து. அடுப்படியே கதி என்று கிடக்கிற மனிதர், ஆனால் அவர் காதுக்குத் தப்பி மடத்தில் ஒரு வார்த்தை உலவ முடியாது. அவர் சொன்னார்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. இவரு கறிச் சுரைக்காயைக் கொண்டுபோய் ஏட்டுல ஏத்திட்டாரே."

ஆவுடையப்பன் கழிக்க ஆரம்பித்தார். முதலில் சுரைக்காயை வாரம் முழுக்கத் தின்றார். பாதி நாள் தின்பதும் மீதி நாள் கொல்லைக்கு ஓடுவதுமாக இருந்து, கடைசியில் வயிறு வழிக்கு வந்தது. பிறகு, அப்பா கற்றுக்கொடுத்த மாதிரி திருநீறு பூசுவதை நிறுத்தினார். வேட்டியைத் தங்கள் பக்கத்து வழக்கப்படி கட்டுவதை விட்டுவிட்டு, புதிதாக ஒரு மாதிரி கட்டினார். அது நடக்கும்போது அவிழ்ந்தது. பந்தியில் வலது ஓரம் பார்த்து உட்காருவது, பெரியவர் வந்தால் துண்டை இடுப்பில் கட்டுவது, கிளம்பும்போது 'போறேன்' என்னாமல் 'வாறேன்' என்பது எல்லாம் போயிற்று. ஒருநாள் பேரையும் கழித்துவிட்டார்.

"ஆவுடையப்பன் எங்க தாத்தா பேரு. அவருக்குப் பயந்து எனக்கு வச்சது. இனி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்."

"சாப்பிட எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டார் சொரிமுத்து. சமையல்காரருக்கு அவர் கவலை.

சொரிமுத்து அடுப்படி வாசலில் நின்று "பேரில்லாதவரே, வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினார். நாலு நாளில் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஆவுடையப்பன் அம்மையிடம் பிராதோடு வந்தார்.

"அம்மா, அது பேரா ஆகிப்போச்சு."

"அப்ப அதையும் கழிச்சிருங்க."

"சாப்பிட எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பசி கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு அம்மை எழுந்து போய்விட்டார். எழுந்து போகாவிட்டால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மடத்துக்கு வந்துபோகிறவர்களில் இரண்டு பேருக்கு இந்தக் கழித்தல் பிடித்துப்போய்விட்டது. அவர்களும் பேரை விட்டார்கள், ஊரை விட்டார்கள், ஆவுடையப்பனோடு தெற்குத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். இங்கே மடம் ஏற்கெனவே இருந்ததால், மடத்துக்குள் ஒரு மடம் கட்டினார்கள். தாழ்வாரத்தில் யார் எங்கே உட்காருவது என்று வந்தது. எந்தப் பேச்சு பேசலாம், எது கூடாது என்று வந்தது. மார்கழியில் ஒருநாள் மூவர் இருவரானார்கள். மூன்றாமவர் வெளியே வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அம்மை ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"அவரை ஏன் தள்ளி வச்சீங்க?"

"குளத்தங்கரையில தன் ஊர்க்காரர் ஒருத்தரைப் பார்த்து, ஊர்ல மழை உண்டான்னு கேட்டுட்டாரு அம்மா."

"கேட்டா?"

"எங்க வழக்கத்துல ஊர்ப்பேச்சு கிடையாது."

"எங்க வழக்கத்துலயா?"

அம்மை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வகையறாவை விட்டுட்டு வந்து, இன்னொண்ணை உண்டாக்கி, அதுல ஒருத்தரை ஒதுக்கியும் வச்சாச்சு. உங்க முன்னோருக்கு இதுக்குத் தலைமுறை தலைமுறையா ஆச்சு. நீங்க ஒரு மழைக்காலத்துக்குள்ள முடிச்சிட்டீங்க."

அன்றோடு தாழ்வாரத்துக் கூட்டம் கலைந்தது. மற்ற இருவரும் பேர்களை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆவுடையப்பன் மட்டும் விடவில்லை. ஆள் இளைத்தார், வேட்டி இன்னமும் அவிழ்ந்தது.

ஒரு மத்தியானம் அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் வந்து எதிரே உட்கார்ந்து தாமும் ஒரு கை அள்ளினார்.

"நான் செய்யுதது உங்களுக்குக் கிறுக்குத்தனமாத் தெரியும்."

"தெரியுது."

"எங்க அப்பா செத்தப்ப நான் அழலை அம்மா. எங்க வகையில மூத்தவன் அழக்கூடாது. வாறவங்களைக் கும்பிட்டு உட்கார வைக்கணும். நான் கும்பிட்டேன். பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. என் வீட்டுக்காரி செத்தப்பவும் அதேதான். அவ முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கலை. பந்தல் ஒரு பக்கம் சாஞ்சிருந்துது, அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

அம்மையின் கை மொச்சையில் நின்றது.

"அந்த அழுகையெல்லாம் எங்க போச்சு? என்கிட்டதான் எங்கயாவது இருக்கணும். அதைத்தான் தேடுதேன். காயை இல்லை."

அம்மைக்கு மனிதர் மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது. கோபம் வந்திருந்தாலாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"நீங்க காவி கட்டினதும் உங்க ஊரும் வீடும் உங்களை விட்டுப் போயிருச்சா அம்மா?"

"எங்க போகும்? கோபம் வந்தா எங்க அம்மா என்னெல்லாம் சொல்லி வைவாளோ அதுதான் என் வாயில வருது. ஒரு வார்த்தை மாறாம."

"அப்ப வையுதது நீங்களா, உங்க அம்மாவா?"

"மொச்சையில புழு இருக்கு. பார்த்து உரிங்க."

தை பிறந்தது. ஒரு காலையில் மடத்து வாசலில் வண்டி வந்து நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பின்னால், சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆசாரி இறங்கினார். அந்தப் பெண் ஆவுடையப்பனின் ஒரே தங்கை உலகம்மாள். தாய் இறந்த பிறகு அண்ணன் தோளில் வளர்ந்தவள். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை இது. வடிவு என்று பேர்.

"காது குத்தணும் அம்மா" என்றாள் உலகம்மாள் அம்மையிடம். "மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். அண்ணன் ஊருக்கு வரமாட்டேன்னு ஆள்கிட்டச் சொல்லி அனுப்பிட்டாரு. அதான் பிள்ளையையும் ஆசாரியையும் இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னைக்கே குத்தணுமா?"

"எங்க வீட்டுக்காரர் பக்கம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. மாமன் இல்லாத பிள்ளையா, உன் பிறந்த வீடு ஆளில்லாமப் பூண்டத்துப் போச்சான்னு கேக்காங்க. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பிள்ளை காதைத்தான் முதல்ல பார்க்காங்க. எனக்கு அண்ணன் இருக்காருன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

விறகுக் கொட்டகையிலிருந்து ஆவுடையப்பன் வந்தார். தங்கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ஆசாரியின் பெட்டியையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"நான் இப்ப யாருக்கும் அண்ணன் இல்லை, உலகு."

"அப்ப உலகுன்னு ஏன் கூப்பிடுத?"

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "பழக்கதோஷம்" என்றார்.

"வந்து உட்காரு அண்ணே. ஒரு நாழிகை வேலை."

"நேரத்தைப் பத்தி இல்லை. மாமன்கிறது நானா ஆனதில்லை. நீ பிள்ளை பெத்தே, ஊரு என்னை மாமன்னு சொல்லிருச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? இப்படித்தான் என் மேல ஒவ்வொண்ணாப் போட்டாங்க. நான் ஒவ்வொண்ணா இறக்கிட்டு வாறேன். எனக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க உலகு. சுரைக்காயை ருசிச்சவன் ஒருத்தன், கக்கினவன் ஒருத்தன். மாமன் கக்கினவன் பக்கம்."

உலகம்மாள் அழுதாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் கோபம் வந்தது.

"ரெண்டு பேர் இருக்கீங்கள்ல? எவனையாவது ஒருத்தனை அனுப்பு. என் பிள்ளைக்கு மடி வேணும்."

அம்மைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆவுடையப்பன் தலையைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்.

ஆசாரி வெயிலைப் பார்த்தார். "நல்ல நேரம் போகுது. மேற்க ஒரு வீட்டுல எனக்காகக் காத்திருக்காங்க. குத்தணும்னா குத்தலாம். இல்லேன்னா நான் நடையைக் கட்டுதேன்."

அம்மை உலகம்மாளைக் கேட்டார்: "வேற ஆளை உட்கார வைக்க முறை கிடையாதா?"

"இருக்கு. அண்ணன் செத்துட்டா உட்கார வைக்கலாம்" என்றாள் உலகம்மாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க வகையில வாசல்ல நின்னு அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். பதில் வரலைன்னா செத்தவர் கணக்கு. அதுக்குப் பிறகு யாரு மடியா இருந்தாலும் மாமன் மடிதான்."

"அவரே தான் இல்லேன்னுதானம்மா சொல்லுதாரு. கூப்பிட்டுப் பாரு. சொரிமுத்து, இங்க வா."

சொரிமுத்து கரண்டியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "நான் என்ன முறைம்மா இவங்களுக்கு? நான் சமையல்காரன்."

"மடி இருக்குல்ல? இரு."

உலகம்மாள் வாசலில் போய் நின்றாள். அண்ணன் பேரைத் தங்கை வாயால் சொல்வது அந்த வீட்டில் கிடையாது. பிறந்ததிலிருந்து அவள் சொன்னதில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"ஆவுடையப்பா."

வேப்பமரம் பத்தடியில் இருந்தது. அவர் நின்றுகொண்டுதான் இருந்தார், காது நன்றாகவே கேட்டது. அம்மை அவர் முகத்தையே பார்த்தார். பேருக்குத் திரும்புவதில்லை என்று அவர் தமக்கு விதித்துக்கொண்டது ஒன்று இருக்கிறதே, அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினார். பெரிய சாதனைதான்.

உலகம்மாள் திரும்பி வந்து, கொண்டுவந்த புதுத்துண்டைப் பிரித்துச் சொரிமுத்துவின் தோளில் போட்டாள். "உட்காருங்க அண்ணே" என்றாள்.

சொரிமுத்து மணையில் உட்கார்ந்தார். உட்காருகிற வரை நெளிந்துகொண்டிருந்தவர்தான். தோளில் துண்டு, மடியில் பிள்ளை, எதிரில் வெல்லம் கலந்த காப்பரிசித் தட்டு. முதுகு தானாக நிமிர்ந்தது. ஆசாரியைப் பார்த்துக் குரல் கனத்தது.

"கம்பியைக் காட்டும். துரு கிரு இருக்கா?"

"தங்கத்துல என்னய்யா துரு?"

"பார்த்துக் குத்தும். சின்னப் பிள்ளை. நீ பயப்படாதம்மா, மாமன் இருக்கேன்."

வேப்பமரத்தடியில் ஆவுடையப்பன் சட்டென்று நிமிர்ந்தார்.

ஆசாரி குழந்தையின் காதில் சந்தனப் பொட்டு வைத்தார். சொரிமுத்து பிள்ளையின் தலையைப் பிடித்தார்.

"அப்படிப் பிடிச்சா கழுத்து வலிக்கும்" என்றது வேப்பமரத்தடி.

"யாரது பேசுறது?" என்றார் அம்மை.

ஆசாரி கம்பியை எடுத்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு எங்க வகையில இடது காதுதான் முதல்ல."

"செத்தவரு ரொம்பப் பேசுதாரு" என்றார் அம்மை.

கம்பியைக் கண்ட குழந்தை வீறிட்டது. கால்களை உதைத்துக்கொண்டு தாயை நோக்கித் தாவியது. சொரிமுத்துவின் பிடி நழுவியது. அப்போது ஆவுடையப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தார். எப்போது நடந்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எந்திரிங்க" என்றார் சொரிமுத்துவிடம்.

"நான் எதுக்கு எந்திரிக்கணும்?" சொரிமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "முறையாக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்காங்க. துண்டு போட்டிருக்காங்க."

"அது என் இடம்."

"கூப்பிட்டப்ப எங்க போனீங்க?"

"எந்திரிங்கன்னு சொல்லுதேன்."

"நீங்க யாருன்னு சொல்லுங்க. எந்திரிக்கேன்."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கை மட்டும் பிள்ளையை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. குழந்தை இரண்டு மாமன்களையும் மாறி மாறிப் பார்த்து இன்னும் உரக்க அழுதது. உலகம்மாள் இடையில் புகுந்தாள், ஆசாரி பெட்டியை மூடப் போனார். அம்மைக்குப் பொறுமை என்று ஒன்று மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அந்த இடத்தில் தீர்ந்தது.

"ரெண்டு மாமனும் சண்டை போட்டு முடிக்கதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்திரும். யாரு உட்கார்ந்தாலும் சரி, சீக்கிரம் உட்காருங்க. இங்க நேரம் போகுது. அங்க அடுப்புல பருப்பு கிடக்கு."

"பருப்பா" என்றார் சொரிமுத்து.

அவர் முகம் மாறியது. மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தார். பிள்ளையை ஆவுடையப்பன் நீட்டியிருந்த கையில் வைத்துவிட்டு, துண்டு தோளில் பறக்க அடுப்படிக்கு ஓடினார். மாமன் போய்விட்டார், ஓடினது சமையல்காரர்.

ஆவுடையப்பன் பிள்ளையோடு மணையில் உட்கார்ந்தார். உலகம்மாள் குனிந்து குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள், காப்பரிசியில் ஒரு பிடி அள்ளிப் பிள்ளை கையில் கொடுத்தாள். ஆவுடையப்பன் இடது கையைக் குழந்தையின் தாடைக்கு அடியில் கொடுத்து, வலது கையால் உச்சந்தலையைத் தம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதே மாதிரி எத்தனையோ மாமன்கள் பிடித்ததைப் பந்தல் பந்தலாகப் பார்த்த கை அது.

ஆசாரி இடது காதில் குத்தினார்.

குழந்தை கத்தியது. கையிலிருந்த காப்பரிசியை ஆசாரி முகத்தில் எறிந்தது, மாமனின் முன்கையை நறுக்கென்று கடித்தது. ஆவுடையப்பன் கையை எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறார் என்றுதான் அம்மை நினைத்தார். சிரிப்பில்லை. பிள்ளையின் சத்தத்தை அமுக்கிக்கொண்டு அவர் சத்தம் எழுந்தது. கண்ணீர் மூக்கிலும் மீசையிலும் வழிந்து பிள்ளையின் தலையில் சொட்டியது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுவதைப் பார்த்து, குழந்தை பயந்து போய்த் தன் அழுகையை நிறுத்திவிட்டது. உலகம்மாள் "அண்ணே, அண்ணே" என்று அவர் முதுகைத் தடவினாள்.

ஆசாரி கம்பியை முறுக்கி முடித்துவிட்டு, அடுத்த கம்பியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்து குந்தினார்.

ஆவுடையப்பன் அழுதுகொண்டேதான் இருந்தார். அப்படி இருந்தும், அந்த மனிதரை என்னவென்று சொல்வது, முகத்தை நிமிர்த்தி அம்மையைத் தேடினார். பிள்ளையின் தலையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

"அம்மா, எங்க வகையில காது குத்தும்போது மாமன் கண் கலங்கணும்னு ஒரு முறை உண்டு. கலங்காட்டி பாசமில்லாதவன்னு பேசுவாங்க. இப்ப அழுதது யாரு அம்மா? நானா? இல்லை, அவங்க சொல்லி வச்சதா?"

செங்கமலம்மை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு காது இருக்கு. பிள்ளையைப் பிடிங்க."